அலாவுதீன் கேமை எந்த மெஷினில் தொடங்குவது?

திரையில் அதே சிவப்புக் குல்லா, அதே குரங்கு, அதே நீலப் பூதம். ஆனால் ஒன்றில் அலாவுதீன் கையில் வாள் இருக்கிறது, மற்றொன்றில் இல்லை. பழைய வீடியோ கேம்களுக்குப் புதிதாக வருபவர்களை இது ரொம்பவே குழப்பும். டிஸ்னியின் ‘அலாவுதீன்’ கார்ட்டூன் படம் 1992-ல் வந்தது. அதை வைத்து அடுத்த ஆண்டின் கடைசியில், டிவியில் இணைத்து ஆடும் இரண்டு கேம் மெஷின்களில், சேகாவின் மெகா டிரைவுக்கு ஒரு கேமும், நிண்டெண்டோவின் சூப்பர் நிண்டெண்டோவுக்கு ஒரு கேமும் வந்தன. பெயர்தான் ஒன்று. செய்தவர்கள் வேறு, லெவல்கள் வேறு, விளையாடும் விதமே வேறு.

இதில் எது உசத்தி என்ற சண்டை முப்பது வருடமாக நடக்கிறது. புதிதாக வருபவர் அந்தச் சண்டைக்குள் போக வேண்டியதில்லை. எதை முதலில் ஆடுவது, எதில் எதைக் கவனிப்பது, எங்கே மாட்டிக்கொள்ள நேரும் என்பது தெரிந்தால் போதும். என் பரிந்துரையை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: சூப்பர் நிண்டெண்டோவில் தொடங்குங்கள், அதை முடித்துவிட்டு மெகா டிரைவுக்கு வாருங்கள். வரிசையை மாற்றினால் என்ன ஆகும் என்பதற்கு நானே சாட்சி. மெகா டிரைவ் கேமைத்தான் முதலில் எடுத்தேன். சிறைச்சாலை லெவலில் திரும்பத் திரும்பச் செத்து, கன்ட்ரோலரை வைத்துவிட்டு எழுந்தவன், ஒரு வருடம் அந்தப் பக்கமே போகவில்லை.

ஏன் இரண்டு கேம்?

அந்தக் காலத்தில் டிஸ்னி தன் பாத்திரங்களுக்கான உரிமையை மெஷின் வாரியாகப் பிரித்துக் கொடுத்தது. நிண்டெண்டோ மெஷின்களுக்கு டிஸ்னி கேம் செய்வது ஜப்பானின் கேப்காம் நிறுவனம். 1989-ல் வந்த ‘டக் டேல்ஸ்’ அவர்கள் கைவண்ணம்தான். சேகா மெஷின்களுக்கு சேகாவிடமே உரிமை இருந்தது. அலாவுதீனுக்காக சேகா அமெரிக்காவில் இருந்த விர்ஜின் கேம்ஸ் அணியைக் கூட்டு சேர்த்துக்கொண்டது. அங்கே முதன்மை புரோகிராமர் டேவிட் பெர்ரி.

கேப்காம் பக்கத்தில் கேமை வடிவமைத்தவர் ஷின்ஜி மிகாமி. பெயர் எங்கோ கேட்டமாதிரி இருந்தால் ஆச்சரியமில்லை. 1996-ல் ‘ரெசிடெண்ட் ஈவில்’ என்ற திகில் கேம் மூலம் உலகத்தையே பயமுறுத்தியவர் அவர். பறக்கும் கம்பளத்தில் இளவரசி ஜாஸ்மினை உட்காரவைத்து ஊர் சுற்றிக் காட்டிய அதே மனிதர்தான் பின்னால் ஜாம்பிகளை ஏவிவிட்டார். பல ஆண்டுகள் கழித்து ஒரு பேட்டியில் அவரிடம் இந்த ஒப்பீட்டைக் கேட்டார்கள். தன் கேமைத் தானே செய்திராவிட்டால் சேகாவின் கேமைத்தான் வாங்கியிருப்பேன் என்கிற பொருளில் பதில் சொன்னார். அனிமேஷன் அதில் நன்றாக இருப்பதாகவும், தன் அலாவுதீனுக்கும் ஒரு வாள் கொடுக்க ஆசை இருந்ததாகவும் சொன்னார். செய்தவரே இப்படிச் சொன்ன பிறகும் சூப்பர் நிண்டெண்டோ ரசிகர்கள் விட்டுக்கொடுக்கவில்லை என்பது வேறு கதை.

வாங்குவதும் பொருத்துவதும்

இன்று இரண்டையும் ஆட மிகச் சுலபமான வழி ஒரு தொகுப்பு. 2019 அக்டோபரில் டிஜிட்டல் எக்லிப்ஸ் நிறுவனம் ‘அலாவுதீன்’, ‘லயன் கிங்’ இரண்டையும் சேர்த்து ஸ்விட்ச், பிளேஸ்டேஷன் 4, எக்ஸ்பாக்ஸ் ஒன், பிசி ஆகியவற்றுக்குக் கொண்டுவந்தது. வாங்கும்போது ஒன்றைக் கவனிக்க வேண்டும்: அந்த 2019 தொகுப்பில் மெகா டிரைவ் அலாவுதீனும், நிண்டெண்டோவின் கையடக்க மெஷினான கேம் பாயின் அலாவுதீனும் மட்டுமே உண்டு; சூப்பர் நிண்டெண்டோ கேம் கிடையாது. அது 2021-ல் வந்த பெரிய தொகுப்பில்தான் சேர்ந்தது. கூடவே ‘ஜங்கிள் புக்’ கேமும் வந்தது. பழைய தொகுப்பை ஏற்கெனவே வாங்கியவர்கள் இந்தப் பகுதியைத் தனியாகச் சேர்த்துக்கொள்ள வழி செய்தார்கள். ஆகவே பெட்டியின் பின்பக்கத்தைப் படிக்காமல் பணத்தை நீட்டாதீர்கள்.

தொகுப்பில் எனக்குப் பிடித்த வசதி பின்னோக்கி ஓட்டுவது. பள்ளத்தில் விழுந்தால் பட்டனை அழுத்திப் பிடித்து, விழுவதற்கு முந்தைய நொடிக்குத் திரும்பலாம். நடுவில் சேமித்துவைக்கலாம். அதைவிட நல்ல வசதி ஒன்று: ஒருவர் முழு கேமையும் ஆடி முடிப்பதைப் படம்போலப் பார்த்துக்கொண்டே இருந்து, விருப்பமான இடத்தில் கன்ட்ரோலரை நீங்கள் வாங்கிக்கொள்ளலாம். கூடப் படித்தவன் ஆடுவதை எட்டிப் பார்த்துக் கற்றுக்கொண்ட தலைமுறைக்கு இதன் அருமை தெரியும்.

அசல் கேட்ரிட்ஜில்தான் (மெஷினில் செருகும் கேம் பெட்டி) ஆடுவேன் என்பவர்களுக்கு இரண்டு எச்சரிக்கை. முதலாவது, நகல். பழைய கேம் விற்கும் ஒருவரிடம் நான் வாங்கிய கேட்ரிட்ஜின் லேபிள் பளபளவென்று புதிதாக இருந்தது. பத்திரமாக வைத்திருந்திருக்கிறார்கள் என்று மகிழ்ந்தேன். வீட்டுக்கு வந்து திறந்து பார்த்தால் உள்ளே விரல்நுனி அளவு பலகை, அதன்மேல் ஒரு கருப்புப் பசைத் துளி. நகல்தான். முடிந்தால் வாங்குவதற்கு முன்பே உள்ளே இருக்கும் பலகையைப் படமெடுத்து அனுப்பச் சொல்லுங்கள். இரண்டாவது, மெஷின் எந்த நாட்டுக்காகச் செய்தது என்பது. ஐரோப்பாவுக்கான மெஷின்கள் 50 ஹெர்ட்ஸில், அதாவது நொடிக்கு 50 முறை படத்தைப் புதுப்பித்து ஓடும். அமெரிக்க, ஜப்பான் மெஷின்கள் 60 ஹெர்ட்ஸ். அந்தக் காலத்துப் பல கேம்கள் 50 ஹெர்ட்ஸில் ஆறில் ஒரு பங்கு வேகம் குறைந்து, பாட்டும் இழுத்துக்கொண்டு ஓடும். இன்னொன்று, அமெரிக்காவில் மெகா டிரைவின் பெயர் ஜெனிசிஸ். விளம்பரத்தில் அப்படி இருந்தால் வேறு மெஷின் என்று நினைத்துவிடாதீர்கள்.

ஆடத் தொடங்கும் முன் டிவியில் இரண்டு மாற்றம் செய்யுங்கள். ‘கேம் மோட்’ இருந்தால் அதைப் போடுங்கள். புதிய டிவிகள் படத்தை மெருகேற்ற எடுத்துக்கொள்ளும் நேரத்தில் நம் பட்டனுக்கும் அலாவுதீனின் குதிப்புக்கும் இடையே சின்னத் தாமதம் விழும்; இந்த மாதிரி கேமில் அந்தத் தாமதமே உயிரை எடுக்கும். அடுத்தது, படத்தை அகலத்திரை முழுக்க இழுக்காமல் 4:3 அளவில் வைப்பது. இழுத்துவிட்டால் அலாவுதீன் விருந்து சாப்பிட்டு வந்தவன்போலக் குண்டாகத் தெரிவான்.

முதலில் சூப்பர் நிண்டெண்டோ

கேப்காமின் கேமை ஆடும்போது முதலில் கவனத்துக்கு வருவது அதன் துல்லியம். எத்தனை தூரம் குதிக்க முடியும், எதிரியின் தலையில் எங்கே கால் படும், கம்பத்தை எப்போது கை பற்றும் என்பதெல்லாம் பத்து நிமிடத்தில் உடம்புக்குத் தெரிந்துவிடும். பிறகு கேம் உங்களை ஏமாற்றாது. செத்தால் அது உங்கள் தப்புதான் என்று உங்களுக்கே தெரியும். புதியவருக்கு இதைவிட நல்ல வாத்தியார் கிடைக்காது.

இங்கே அலாவுதீனின் ஆயுதம் அவன் கால்கள். எதிரிகளின் தலையில் குதித்து, அங்கிருந்து கரணம் போட்டு அடுத்ததற்குப் போவான். ஆப்பிளும் வீசலாம், ஆனால் காவலாளி போன்ற பெரிய ஆள்களை ஆப்பிள் சற்று நேரம் தடுமாற வைப்பதோடு சரி. புதியவர்கள் செய்யும் முதல் தவறு, ஆப்பிளைத் துப்பாக்கிபோல நினைத்துத் தூர நின்று வீசிக்கொண்டே இருப்பது. அதை ஒதுக்கிவையுங்கள். எதிரி தடுமாறும் அந்த நொடியில் மேலே ஏறிக் குதிப்பதற்குத்தான் ஆப்பிள்.

இரண்டாவதாகப் பழக வேண்டியது துணி. கைவசம் இருக்கும்போது காற்றில் அதை விரித்துக் குடைபோல மெல்ல இறங்கலாம். பள்ளம் பெரிதாகத் தெரிந்தால் பயந்து கடைசி விளிம்புவரை ஓடிப்போய்க் குதிக்காதீர்கள். சாதாரணமாகக் குதித்து, உச்சியைத் தொட்டதும் துணியை விரியுங்கள். முதல் லெவலின் சந்தையில் ஆபத்தில்லாத இடமாகப் பார்த்து, இருபது முப்பது தடவை இதை மட்டும் செய்து பாருங்கள். சலிப்பான வேலைதான். ஆனால் பிற்பாடு பிரமிடுக்குள் போகும்போது இந்தப் பயிற்சி இல்லாமல் ஒரு அடி நகராது.

அந்தப் பிரமிடு லெவல் படத்தில் இல்லாதது, கேப்காம் தானாகச் சேர்த்தது. படத்தை ஏற்கெனவே பார்த்துக் கதை தெரிந்தவருக்கு இங்கேதான் புதிதாக ஏதோ கிடைக்கும். விளக்குக்குள்ளே இருக்கும் பூதத்தின் உலகமும் அப்படியே. பலூனும் விசித்திரப் பொம்மைகளுமாக, கார்ட்டூனுக்குள் ஒரு கார்ட்டூன்.

பெட்டிகளைத் திறக்கும்போது சில நேரம் தங்க வண்டு ஒன்று பறந்துவரும். அதை விரட்டிப் பிடித்தால் லெவல் முடிந்ததும் பூதத்தின் சுழல் சக்கரம் கிடைக்கும். உயிரோ வேறு உதவியோ விழும். ஆனால் வண்டைப் பார்த்துக்கொண்டே பள்ளத்தில் கால் வைப்பவர்கள்தான் அதிகம். முதல் தடவை ஆடும்போது வண்டை மறந்துவிடலாம்.

அசல் கேட்ரிட்ஜில் ஆடுபவர்களுக்கு, இந்தக் கேமில் பாஸ்வேர்டு உண்டு. எழுத்துகள் இல்லை, பாத்திரங்களின் முகங்கள். லெவல் முடிந்ததும் வரும் முகங்களை வரிசை மாறாமல் எழுதிவைத்தாலோ, செல்போனில் ஒரு படம் எடுத்துக்கொண்டாலோ நாளைக்கு அங்கிருந்தே தொடரலாம். மெகா டிரைவ் கேட்ரிட்ஜில் இந்த வசதி கிடையாது. உட்கார்ந்தால் ஒரே மூச்சில் முடிக்க வேண்டும். அதுவும் இதை முதலில் ஆடச் சொல்வதற்கு ஒரு காரணம்.

காட்சியைப் பொறுத்தவரை இந்த மெஷினின் பலம் நிறம். சூப்பர் நிண்டெண்டோ 32,768 நிறங்களிலிருந்து 256 நிறங்களை ஒரே நேரத்தில் திரையில் காட்டவல்லது. மெகா டிரைவுக்கு 512-ல் 64 மட்டுமே. கேப்காமின் ஓவியர்கள் இதைப் பின்னணியில் கொட்டியிருக்கிறார்கள். அற்புதக் குகையின் நீலமும் பொன்னும் மெல்ல ஒன்றிலிருந்து மற்றொன்றுக்கு மாறுவதைக் கொஞ்சம் நின்று பாருங்கள். ஒலிக்கும் இதே கதை. சோனி செய்து கொடுத்த ஒலிச் சிப், நிஜ வாத்தியங்களின் சின்னச் சின்னப் பதிவுகளை எட்டுத் தடங்களில் வாசிக்கும். அதனால் இசை மென்மையாக, சற்றுத் தூரத்திலிருந்து வருவதுபோல இருக்கும்.

முழு கேமும் ஆடத் தெரிந்தவருக்கு ஒரு மாலை நேரம். புதியவருக்கு ஒரு வாரம் என்று வைத்துக்கொள்ளுங்கள். அவ்வளவு கடினம் இல்லை, அதுதான் அதன்மேல் வைக்கப்படும் குறையும்.

இப்போது மெகா டிரைவ்

சரி, சூப்பர் நிண்டெண்டோவை முடித்துவிட்டீர்கள். மெகா டிரைவ் கேமைப் போட்டதும் ஒன்றும் செய்யாதீர்கள். பட்டனைத் தொடாமல் அலாவுதீனைச் சும்மா நிற்க விடுங்கள். அவன் சும்மா நிற்க மாட்டான். பிறகு ஓடவிட்டு நிறுத்துங்கள். உடம்பு முன்னால் சாய்ந்து, கால் ஊன்றி, நிலைக்கு வரும். குதித்துத் திரும்புங்கள். இது கேம் ஓவியர் புள்ளி புள்ளியாக வைத்த அசைவு இல்லை, கை பென்சிலால் வரைந்த அசைவு என்று உடனே தெரியும்.

காரணம் இதுதான். டிஸ்னியின் அனிமேஷன் கலைஞர்கள் படத்துக்கு வரைவதுபோலவே காகிதத்தில் படங்களை வரைந்து கொடுத்தார்கள். விர்ஜின் அணி அவற்றை ஸ்கேன் செய்து, நிறமேற்றி, சுருக்கி, கேட்ரிட்ஜுக்குள் அடைத்தது. இந்த முறைக்கு ‘டிஜிசெல்’ என்று பெயர் வைத்தார்கள். படங்களை அடைக்க இடம் வேண்டுமே? மெகா டிரைவ் கேட்ரிட்ஜ் 16 மெகாபிட், அதாவது 2 எம்பி. கேப்காமுடையது 10 மெகாபிட். இன்றைக்கு செல்போனில் எடுக்கும் ஒரு புகைப்படமே இந்த அளவைத் தாண்டிவிடும், ஆனால் அன்றைக்கு இந்த வித்தியாசம் பெரிது. கூடவே மெகா டிரைவின் மூளை, 7.6 மெகாஹெர்ட்ஸில் ஓடும் மோட்டோரோலா 68000. சூப்பர் நிண்டெண்டோவின் சிப் அதிகபட்சம் 3.58 மெகாஹெர்ட்ஸ். இந்த இரண்டு எண்களையும் நேராக ஒப்பிட முடியாது, சிப்பின் அமைப்பே வேறு. இருந்தாலும் பெரிய உருவங்களைத் தடங்கலின்றி ஓடவிடுவதில் சேகா கை ஓங்கியிருந்தது உண்மை.

நிறக் குறைவை அவர்கள் சமாளித்த விதமும் பார்க்கத் தகுந்தது. 64 நிறம்தான் என்பதால் மென்மையான மாற்றங்களை விட்டுவிட்டு, கார்ட்டூன்போலவே அழுத்தமான கோடு, தட்டையான நிறம் என்று போய்விட்டார்கள். பாலைவன லெவலின் மஞ்சள், சிறைச்சாலையின் நீலம் என்று ஒவ்வொரு லெவலுக்கும் ஒரு நிறம்தான் ஆட்சி. மெஷினின் பலவீனம் படத்தின் பாணியோடு ஒத்துப்போய்விட்டது. சேகாவின் யமஹா ஒலிச் சிப் பெரும்பாலும் வாத்தியப் பதிவுகளை வாசிக்காது, ஒலியைத் தானே உருவாக்கும். கொஞ்சம் கரகரப்பு உண்டு. படத்தின் பாடல்கள் அதில் மேளச்சத்தமாக வரும். எனக்கு இதுதான் பிடிக்கும். அமைதியான இசை வேண்டுவோர் சூப்பர் நிண்டெண்டோ பக்கம் போவார்கள். தப்புச் சொல்ல முடியாது.

ஆட ஆரம்பிக்கலாம். மூன்று பட்டன்: ஏ-வில் ஆப்பிள், பி-யில் வாள், சி-யில் குதிப்பு. புதிய கன்ட்ரோலரில் ஆடினால் குதிப்பைக் கட்டைவிரல் இயல்பாக விழும் பட்டனுக்கு மாற்றிக்கொள்ளுங்கள். ஆப்ஷன்ஸில் கடினத்தைக் குறைத்துக்கொள்வதும் வெட்கப்பட வேண்டிய விஷயம் இல்லை.

சூப்பர் நிண்டெண்டோவில் பழகிய கால் இங்கே உங்களைக் கவிழ்க்கும். அங்கே எதிரியின் தலைதான் குறி. இங்கே வாள் இருக்கிறது, எதிரிக்கும் வாள் இருக்கிறது. காவலாளியை நெருங்கும்போது ஓடிக்கொண்டே வெட்டினால் நீங்களும் அடிவாங்குவீர்கள்; யாருடைய வாள் யாரைத் தொட்டது என்பதில் இந்தக் கேம் அத்தனை கறாரில்லை. இரண்டடி முன்னே நின்று, அவன் வருகிற வரை காத்திருந்து வெட்டுங்கள். எறியப்படும் கத்திகளை வாளாலேயே தட்டிவிடலாம் என்பது ரொம்பப் பேருக்குத் தெரியாது. கத்தி வரும்போது பின்வாங்காமல் வாளை வீசுங்கள். நேரம் சரியாக அமைந்தால் தப்பிக்கலாம், சத்தமும் கேட்க நன்றாக இருக்கும்.

உயிர் எவ்வளவு மிச்சம் என்பதை எண்ணாகக் காட்டமாட்டார்கள். மேலே ஒரு விளக்கு இருக்கும், அதிலிருந்து புகை சுருண்டு வரும். அடிவாங்க வாங்கப் புகை குறையும். அழகான யோசனை, ஆனால் அவசரத்தில் பார்த்தால் ஒன்றும் புரியாது. புகை பாதிக்குக் கீழே போனதுமே எச்சரிக்கையாகிவிடுங்கள். வழியில் கிடைக்கும் நீல இதயம் புகையைத் திரும்பக் கொண்டுவரும். நீலப் பானை தெரிந்தால் அதைத் தொடாமல் போகாதீர்கள்; செத்தால் அங்கிருந்து தொடரலாம். ரத்தினங்களைச் சேர்த்தால், நடுநடுவே கடை விரித்திருக்கும் வியாபாரியிடம் கொடுத்து உயிர் வாங்கலாம். புதியவர்கள் வியாபாரியைத் தாண்டி ஓடிவிடுகிறார்கள். சந்தையில் அவரைக் கண்டால் நில்லுங்கள்.

ஆப்பிளைப் பற்றி ஒரு முக்கியமான விஷயம். சூப்பர் நிண்டெண்டோவில் ஆப்பிளை ஒதுக்கச் சொன்னேன், இங்கே சேமிக்கச் சொல்கிறேன். கடைசியில் கதையின் வில்லன் ஜஃபாரை எதிர்க்கும்போது வாள் எட்டாது, ஆப்பிள் மட்டுமே பேசும். சாதாரணக் காவலாளிகளுக்கெல்லாம் ஆப்பிள் வீசிவிட்டு வெறுங்கையோடு அங்கே போய் நின்ற அனுபவம் எனக்கு உண்டு. ஆகவே கிட்டே இருப்பவனுக்கு வாள், எட்டாத இடத்தில் நிற்பவனுக்கு மட்டும் ஆப்பிள்.

லெவல்களில் எங்கே சிக்கல் என்றும் சொல்லிவிடுகிறேன். சந்தை, பாலைவனம், கூரைகள் மூன்றும் பழகுவதற்கானவை. மெதுவாகப் போய், ஒளித்துவைத்த நகைச்சுவைகளைப் பாருங்கள். அடிவாங்கியதும் கால்சட்டை நழுவி நிற்கும் காவலாளியும், நெருப்புத் தணல்மேல் துள்ளித் துள்ளி ஓடுபவனும் உங்களுக்காகக் காத்திருக்கிறார்கள். சுல்தானின் சிறைச்சாலையில்தான் கேம் பல்லைக் காட்டும். தோன்றி மறையும் படிகள், ஊசலாடும் முள்குண்டுகள், எலும்புக்கூடுகள். அங்கே அவசரப்படாமல் ஒரு சுற்று நின்று எண்ணிவிட்டுப் போக வேண்டும். எலும்புக்கூட்டைத் தூரத்திலேயே ஆப்பிளால் முடித்துவிடுவது நல்லது. இங்கே சிக்கனம் வேண்டாம்.

இன்னொரு குறையும் உண்டு, அதை மறைக்க மாட்டேன். அலாவுதீனின் உருவம் பெரிது. அதனால் கீழே என்ன இருக்கிறது என்பது பல இடங்களில் தெரியாது, குருட்டாம்போக்கில் குதிக்க வேண்டியிருக்கும். டிஜிட்டல் எக்லிப்ஸ் தொகுப்பில் ‘ஃபைனல் கட்’ என்று ஒரு பதிப்பு சேர்த்திருக்கிறார்கள். அதில் கேமராவைத் திருத்தி, பழைய பிழைகள் சிலவற்றைச் சரிசெய்திருக்கிறார்கள். தொகுப்பு கையில் இருந்தால் முதலில் அதையே ஆடுங்கள். அசலின் கரடுமுரடை ருசிக்க அப்புறம் நேரம் இருக்கிறது. 1993-ல் வர்த்தகக் கண்காட்சியில் காட்டிய அரைகுறைப் பதிப்பும் அதே தொகுப்பில் இருக்கிறது. கேம் எப்படி உருவாகிறது என்று அறிய விரும்புவோருக்கு விருந்து.

கம்பளத்தில் ஏறி இரண்டையும் ஒப்பிடுங்கள்

இரண்டு மெஷின்களையும் எடைபோட முழு கேமும் வேண்டாம், ஒரு காட்சி போதும். குகை இடிந்து விழ, எரிமலைக் குழம்பு பொங்கிவர, கம்பளத்தில் தப்பிக்கும் காட்சி இரண்டிலும் உண்டு. அடுத்தடுத்து ஆடிப் பாருங்கள்.

மெகா டிரைவில் கம்பளம் தலைதெறிக்கப் பறக்கும். எதிரே வரும் பாறை கண்ணுக்குத் தெரிந்த பிறகு நகர்ந்தால் தாமதம். பூதத்தின் கை மேலா கீழா என்று முன்கூட்டியே காட்டும். பாறையைப் பார்க்காமல் கையை மட்டும் பாருங்கள். இதைப் புரிந்துகொள்ளாமல் பாறையையே முறைத்துக்கொண்டிருப்பவர்கள் இந்த லெவலை அநியாயம் என்பார்கள். புரிந்துகொண்டால் இரண்டாவது மூன்றாவது முயற்சியில் தாண்டிவிடலாம்.

சூப்பர் நிண்டெண்டோவில் அதே தப்பித்தல் நீளமாக, அலைபோலத் துரத்தும் குழம்போடு வரும். வேகத்தைவிடப் பாதையை மனப்பாடம் செய்வதுதான் அங்கே முக்கியம். எங்கே மேலேற வேண்டும், எங்கே தாழ வேண்டும் என்பது ஒவ்வொரு தடவையும் ஒன்றே. அதற்கும் அப்புறம் வேறொரு கம்பளக் காட்சி வருகிறது: இரவு வானம், பக்கத்தில் ஜாஸ்மின், படத்தின் காதல் பாட்டு, சேர்க்க ரத்தினங்கள், எதிரி யாரும் இல்லை. ஒரு ஆக்‌ஷன் கேமின் நடுவில் யாரும் சாகாத ஒரு லெவல். மெகா டிரைவ் கேமில் இதற்கு இணையாக ஒன்று இல்லை. என் மனசு வாளின் பக்கம்தான் என்றாலும் இந்த ஒரு இடத்தில் கேப்காமுக்குத் தலைவணங்குகிறேன்.

மற்ற மெஷின்கள்

சேகாவின் சின்ன மெஷின்களான மாஸ்டர் சிஸ்டம், கேம் கியருக்கு 1994-ல் வந்தது மூன்றாவது கேம். பெரியதின் நகல் இல்லை. தொடக்கத்திலேயே அலாவுதீன் தானாக ஓடுவான். நீங்கள் தாண்டுவதும் குனிவதும்தான் வேலை. இடையிடையே படத்தின் கதையைக் காட்சிகளாகச் சொல்வதில் மூன்றிலும் இதுவே தாராளம். எட்டு பிட் மெஷினில் இப்படி ஒரு படமா என்று வியக்கவைக்கும். சின்னக் குழந்தையோடு ஆட வேண்டும் என்றால் இதைத் தேடிப் பாருங்கள்.

கேம் பாய், நிண்டெண்டோவின் பழைய எட்டு பிட் மெஷினான என்இஎஸ் இரண்டிலும் வந்தவை மெகா டிரைவ் கேமைச் சுருக்கிப் பிழிந்தவை. அந்த அனிமேஷன் போன பிறகு மிஞ்சுவது அதன் குறைகள் மட்டும்தான். தவிர்க்கலாம். கேப்காம் தன் கேமைக் கேம் பாய் அட்வான்ஸுக்குப் பின்னாளில் கொண்டுவந்தது. ஜப்பானில் 2003, அமெரிக்காவில் 2004. கையடக்கத் திரை சிறியது என்பதால் சுற்றியுள்ளது சற்று வெட்டுப்பட்டிருக்கும், மற்றபடி ஆடலாம். கணினியில் அமிகா, டாஸ் பதிப்புகளும் உண்டு. நம் ஊரில் மஞ்சள் கேட்ரிட்ஜ் போட்டு ‘டிவி கேம்’ ஆடியவர்கள் இன்னொரு அலாவுதீனையும் பார்த்திருக்கக்கூடும். தைவானில் ஹம்மர் டீம் என்ற குழு, சூப்பர் நிண்டெண்டோ கேமைப் பார்த்து அந்த எட்டு பிட் மெஷினுக்குத் திருட்டுத்தனமாக ஒன்று செய்தது. உரிமையோடு வந்த என்இஎஸ் கேமைவிட அது நன்றாக இருக்கும் என்பது பலர் கருத்து. என் கருத்தும் அதுவே.

கடைசியாக ஒன்று, மெகா டிரைவில் எவ்வளவு முயன்றும் ஒரு லெவல் தாண்டவில்லை என்றால்: கேமை நிறுத்திவைத்துவிட்டு ஏ, பி, பி, ஏ, ஏ, பி, பி, ஏ என்று அழுத்துங்கள். அடுத்த லெவலுக்குப் போய்விடும். சிறைச்சாலையில் மாட்டிக்கொண்ட அந்த வருடம் இது எனக்குத் தெரிந்திருக்கவில்லை.